உழைக்கும் கையின் நகம்: பாட்டி வைத்தியத்தின் வரலாறு குறித்துச் சில செய்திகள்

தமிழ் படித்தவர்களை நாடி வருவோர் பெரும்பாலும் பெயர் கேட்டே வருவர். பிறந்த குழந்தைக்கு, கட்டிய வீட்டுக்கு, திறக்கவிருக்கும் கடைக்கு என நல்ல தமிழ்ப்பெயர் ஒன்று வேண்டும் என்பர். நம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தி சென்ற ஆண்டு கேட்டது வேறு வகைக் கேள்வி. "ஐயா, நகச்சொத்தைக்குச் சித்தர் பாட்டுல ஏதாவது மருந்து இருக்குங்களா?"

யாருக்கு என்று வினவினோம். அம்மாவுக்கு என்றாள். அவளுடைய ஊர் ஒரகடத்தை அடுத்து ஏரிக்கரையை ஒட்டிய சிற்றூர். அம்மா இருபது ஆண்டுகளுக்கு முன்புவரை நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவர். நிலங்கள் கைமாறிய பின்னர் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில் ஒப்பந்தக்காரர் மூலமாகப் பாத்திரம் துலக்கி வருகிறார். வலக்கையில் மூன்று விரல்களின் நகங்கள் தடித்து, மஞ்சளித்து, ஓரங்களில் உளுத்த மரத்தைப்போல் உதிர்ந்தன. மேற்பார்வையாளர் கண்ணில் பட்டால் நாளை முதல் வரவேண்டாம் என்று சொல்லிவிடுவார் என அஞ்சி, மருதாணி அரைத்து வைத்து நகங்களை மறைத்து வந்தார். அந்த மருதாணியே மருந்தும் ஆகும் என்கிறார்களே, உண்மையா என்பது அவளுடைய கேள்வியின் மறுபாதி.

நாம் மருத்துவர் அல்லோம். அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில் காட்டுமாறு சொல்லி அனுப்பினோம். ஆயினும் கேள்வி நம்மை விடவில்லை. நூல்களைப் புரட்டத் தொடங்கியபோது, மருந்துக் குறிப்புகளுக்கு ஊடே வேறொரு வரலாறும் கண்ணில் பட்டது. கையில் நோய் கண்டபோதெல்லாம் பழி யார்மேல் விழுந்தது என்னும் வரலாறு அது. அதையும் சேர்த்தே இங்கு எழுத முற்படுகிறோம்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். நகம் என்பது வடசொல். நம் பழைய சொல் உகிர். சங்கப் பாடல்களில் புலிக்கும் பருந்துக்கும் மனிதர்க்கும் உகிர்தான். உகிர்ச்சுற்று, நகச்சுற்று என்று அகராதிகள் குறிக்கும் நோயைப் பேச்சுவழக்கில் நகச்சுத்தி என்கிறோம். நகக்கண் சிவந்து வீங்கி, சீழ் கோத்து, இரவெல்லாம் விண்விண்ணென்று தெறிக்கும் நோய் அது. பெரும்பாலும் நுண்ணுயிரியான பாக்டீரியாவால் வருவது. எலுமிச்சம்பழத்தின் முனையில் துளையிட்டு, மஞ்சளும் உப்பும் இட்டு, விரலில் தொப்பிபோல் செருகிக்கொள்ளும் வழக்கம் இதற்கு உரியது. அவ்வாறு ஒரு விரலை உயர்த்தியபடி திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர்களைப் பார்த்திராதவர் நம் தலைமுறையில் குறைவு.

நகச்சொத்தை இதிலிருந்து வேறானது. அதில் வலி மிகக் குறைவு, சீழ் இல்லை. பூஞ்சை நகத்தட்டின் அடியில் மெல்லக் குடியேறி, மாதக்கணக்கில் அதை நிறம் மாற்றித் தடிக்கச் செய்கிறது. நாள் முழுதும் ஈரத்தில் ஊறும் கைகளில் கேண்டிடா என்னும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை நகக்கண்ணையும் நகத்தையும் ஒருங்கே பற்றுவதுண்டு. இரு நோய்களையும் ஒன்றாக எண்ணிச் சுத்திக்குரிய எலுமிச்சையைச் சொத்தைக்கு வாரக்கணக்கில் வைத்துக்கொண்டால், நகம் மாறாது. சுற்றியுள்ள தோல்தான் வெந்துபோகும். பாட்டி வைத்தியம் தோற்றதாகச் சொல்லப்படும் இடங்கள் சிலவற்றில் தோற்றது நோயை இனங்காணும் கண்தான். பாட்டியிடம் இருந்த அந்தக் கண் குறிப்பு எழுதி வைத்துக்கொண்ட பேரர்களிடம் இல்லை.

வடமொழி நூல்களில் நோயுற்ற நகத்துக்குக் குநகம் என்று பெயர். சுசுருத சம்கிதை சிறு நோய்களின் வரிசையில் இதை வைத்து, அடிபட்டமையால் நகம் வறண்டு கறுத்துச் சொரசொரப்பாவது என்று விளக்குகிறது. காரணம் காயம் என்பது மருத்துவர் கூற்று. மனு தருமசாத்திரமோ வேறு காரணம் சொல்கிறது. அதன் பதினோராம் அத்தியாயம், முற்பிறப்பில் பொன் திருடியவன் மறுபிறப்பில் கெட்ட நகங்களுடன் பிறப்பான் என்கிறது. மூன்றாம் அத்தியாயம் நீத்தார் சடங்குக்கு அழைக்கத்தகாதவர்களின் பட்டியலில் நகக்கேடு உடையவனையும் சேர்க்கிறது. ஒரே நகம், இரண்டு விளக்கங்கள். ஒன்று காயத்தைத் தேடியது. மற்றொன்று குற்றவாளியைத் தேடியது. மருத்துவ நூல் ஏட்டிலேயே இருந்துவிட, குற்றவாளியைத் தேடும் வழக்கமே ஊருக்குள் நிலைத்தது என்பதற்கு மருதாணிக்குள் ஒளிந்த அந்த மூன்று நகங்களே சான்று.

இனி இடத்துக்கு வருவோம். திருப்பெரும்புதூர் என்றதும் 1017-ஆம் ஆண்டில் இராமாநுசர் பிறந்த ஊர் என்பது நினைவுக்கு வரும். 1991 மே 21 இரவு இராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் நினைவுக்கு வரும். அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நெடுங்காலத்தில் இப்பகுதியின் வாழ்வு ஏரிகளை நம்பி இருந்தது. மழைநீரை ஏரியில் தேக்கி, மதகு திறந்து, நெல் விளைவித்த நிலம் இது. நடவுக்காலத்தில் பெண்கள் காலை முதல் மாலைவரை சேற்றில் நின்றனர். கால்விரல் இடுக்குகள் வெந்து வெளுத்துப் பிளக்கும். அதற்குச் சேற்றுப்புண் என்று பெயர். அப்புண்ணுக்கு நோய்ப்பட்டியலில் இடம் கிடைத்ததோ இல்லையோ, உழவுத்தொழிலின் பேச்சில் அது நீங்காத சொல்.

அதற்கு அவர்கள் செய்த வைத்தியமும் தொழிலோடு ஒட்டியதே. மாலையில் கரையேறியதும் காலைக் கழுவித் துடைத்து, அடுப்பங்கரைச் சூட்டில் காயவைப்பர். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து விரலிடுக்கில் தடவுவர். நடவு தொடங்கும் முன்னரே காலிலும் கைவிரல்களிலும் மருதாணி இட்டுக்கொள்வாரும் உண்டு. மருதாணி அழகுக்கு என்று நாம் நினைக்கிறோம். சேற்றில் இறங்கும் பெண்ணுக்கு அது காலுக்குப் பூசிய காப்பு. அதில் உள்ள லாசோன் என்னும் நிறப்பொருள் தோலிலும் நகத்திலும் உள்ள கெராட்டின் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. பூஞ்சை வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றல் அதற்கு இருப்பதை ஆய்வுக்கூடச் சோதனைகளும் காட்டியுள்ளன. இவ்வைத்தியம் முழுவதற்கும் அடிப்படையாக இருந்த மருந்து மற்றொன்று: நடவு முடிந்ததும் வயலைவிட்டு வெளியேறுதல். சேறு சில வாரங்களுக்கு உரியது. அதன்பின் கால் உலர நாட்கள் இருந்தன.

பாட்டி வைத்தியம் என்றதும் அது ஆதிகாலம் தொட்டு இம்மண்ணில் மாறாது இருந்து வருவது என்று எண்ணிவிடுகிறோம். தோல் படைகளுக்கு நம்மூரில் அரைத்துப் பூசும் இலைகளுள் முதன்மையானது வண்டுகொல்லி. படர்தாமரையை வண்டுகடி என்றும் வழங்கியதால் வந்த பெயர். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஓர் உயிர் தோலைக் கடிக்கிறது என்று மக்கள் கருதியிருக்கின்றனர் என்பது இப்பெயரால் புலனாகும். இதே செடிக்குச் சீமை அகத்தி என்றும் பெயர் உண்டு. அதன் பிறப்பிடம் அமெரிக்க வெப்பமண்டலம். சீமை என்னும் அடைமொழியே அது கடல் கடந்து வந்ததைக் காட்டிக்கொடுக்கிறது. திருவிதாங்கூரில் மருத்துவராகப் பணிபுரிந்தவரும், 1868-இல் வெளிவந்த இந்திய மருந்துநூலின் தொகுப்பாசிரியருமான எட்வர்ட் ஜான் வாரிங், கடைத்தெரு மருந்துகள் பற்றிய தம் சிறுநூலில் படைக்கு இந்த இலையைப் பயன்படுத்துவது குறித்து எழுதியுள்ளார். வெளிநாட்டுச் செடி நம் கொல்லைக்கு வந்து, பாட்டியின் கைமருந்தாகி, மீண்டும் ஆங்கிலேயர் நூலில் இந்திய மருந்தாக ஏறியது.

கோவாத்தூள் கதையும் இதற்கு இணையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பம்பாய் மருந்துக்கடைகளில் படைக்குக் கைகண்ட மருந்தாக விற்ற மஞ்சள்நிறத் தூளுக்குக் கோவாத்தூள் என்றே பெயர். அது எந்த இந்தியச் செடியிலிருந்து எடுக்கப்படுகிறது என்று ஆங்கிலேய மருத்துவர்கள் தேடினர். 1870-களில் விடை பிரேசிலிலிருந்து வந்தது: அது அந்நாட்டு அராரோபா மரத்தின் வயிரத்தில் திரளும் பொருள், போர்த்துக்கீசியக் கப்பல்கள் அதைக் கோவாவுக்குக் கொண்டுவந்திருந்தன. நம் முன்னோரின் அறிவு தூய்மையானது என்று பெருமை பேசுவதைக் காட்டிலும், பயன்படும் எதையும் எங்கிருந்து வந்தாலும் சோதித்து ஏற்றுக்கொண்டது என்று சொல்வதே அவர்களுக்குப் பெருமை.

வண்டு கடிக்கிறது என்று நம் மக்கள் கூறியதில் ஒரு பாதி மெய். 1840-களின் தொடக்கத்தில் பாரிசில் வாழ்ந்த டேவிட் குரூபி, படை நோய்களுக்குக் காரணம் பூஞ்சையே என்பதை நுண்ணோக்கியின் துணையோடு நிறுவினார். நகத்தில் வாழும் பூஞ்சையை 1853-இல் செருமானியரான மைஸ்னர் விவரித்தார். இன்று உலகெங்கும் நகச்சொத்தைக்கு முதற்காரணமாக உள்ள டிரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்னும் பூஞ்சையை 1910-இல் விவரித்தவர் ஆல்டோ காஸ்டெல்லானி என்னும் இத்தாலியர். அக்காலத்தில் அவர் பணியாற்றியது நமக்கு அண்மையிலுள்ள கொழும்பில்.

காஸ்டெல்லானி ஆராய்ந்த தொடையிடுக்குப் படைக்கு ஆங்கிலேயர் வழங்கிய பெயர் 'டோபி இட்ச்'. பலருடைய துணிகளையும் ஒன்றாக வெளுக்கும் சலவைத் தொழிலாளியால்தான் இது தொற்றுகிறது என்று அவர்கள் கருதினர். வெயில்நாட்டில் கனத்த சீருடையை இறுக அணிந்து வியர்வையில் ஊறியது அவர்கள் உடல். பெயரைச் சுமந்தவர் துறையில் கல்லில் துணி அடித்துக்கொண்டிருந்தவர். நகத்தையும் பாதத்தையும் தாக்கும் ரூப்ரத்தின் வரலாறோ இதற்கு நேர்மாறானது. இப்பூஞ்சை தென்கிழக்காசியா போன்ற வெப்பநாடுகளில் மக்களின் உடற்படையாக இருந்தது என்றும், வெறுங்காலோடு நடந்த அம்மக்களின் பாதத்தை அது பற்றவில்லை என்றும், பூட்ஸ் அணிந்த படைவீரர்களும் குடியேறிகளும் வந்தபின்னரே வியர்த்த காலுறைக்குள் பாதநோயாகவும் நகநோயாகவும் மாறி உலகைச் சுற்றியது என்றும் ஆய்வாளர்கள் கருதுகின்றனர். மூடிய காலணியே அப்பூஞ்சைக்கு வீடு கட்டித் தந்தது.

அந்தக் காலணி நம் பகுதிக்குக் கூட்டமாக வந்து சேர்ந்தது மிக அண்மையில்தான். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. திருப்பெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி, 2014 நவம்பரில் மூடியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010-இலும், டைம்லர் லாரி ஆலை 2012-இலும் திறக்கப்பட்டன. ஏரிப்பாசனத்துக்குள் இருந்த ஊர்களிலிருந்தும், தென்மாவட்டங்களிலிருந்தும், பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிந்தனர். இரும்புமுனைக் காலணி அணிந்து எட்டு மணிநேரம், மிகைநேரம் இருந்தால் பன்னிரண்டு மணிநேரம் நிற்கும் கால்கள் அவர்களுடையவை. கடைசல் எந்திரங்களின் குளிர்விப்பு எண்ணெய் கலந்த நீரில் நனைந்த கையுறைக்குள் புழுங்கும் விரல்களும் அவர்களுடையவே. ஓர் அறையில் பலர் தங்கி, ஒரே குளியலறைத் தரையில் மாறிமாறி நிற்கும் வாழ்க்கையும் இதனோடு சேர்ந்துகொண்டது.

காலணியும் கையுறையும் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நசுங்கிய கால்விரலைக் காட்டிலும் நகச்சொத்தை சிறிய துன்பம். இங்கு மாறியது ஈரத்தின் காலக்கணக்கு. நடவுச்சேறு ஆண்டுக்குச் சில வாரம். ஷிப்டு ஈரம் ஆண்டு முழுதும். கேன்டீன் தொட்டியில் கைவிட்டு நிற்கும் பெண்ணுக்கு அறுவடைக்காலம் என்று ஒன்று வருவதே இல்லை.

இங்கேதான் வீட்டு வைத்தியத்தின் எல்லையும் தெரிகிறது. விரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய மூன்று மில்லிமீட்டர் வளரும். கெட்ட நகம் முற்றும் நீங்கிப் புதுநகம் முளைத்து முடிய ஆறு மாதம் ஆகும். கால் பெருவிரலுக்கு ஓராண்டுக்கும் மேல். மேலே பூசும் எதுவும் கெட்டித்த நகத்தட்டைக் கடந்து உள்ளே செல்வது அரிது. இது பாட்டியின் களிம்புக்கு மட்டுமே உரிய குறை அன்று. 1994-இல் வெளிவந்த ஆய்வொன்றில் கால்நகச் சொத்தையுடைய 117 பேரில் ஒரு பிரிவினர்க்குத் தேயிலைமர எண்ணெய் எனப்படும் ஆஸ்திரேலியத் தைலத்தையும், மற்றொரு பிரிவினர்க்குக் குளோட்ரிமசோல் மருந்தையும் ஆறு மாதம் பூசினர். தைலத்தில் நூற்றுக்கு 18 பேர்க்கும், மருந்தில் 11 பேர்க்கும் மட்டுமே பூஞ்சை முற்றும் நீங்கியது. நம் வீடுகளில் தலைவலிக்குத் தடவும் விக்ஸை 2011-இல் அமெரிக்காவில் 18 பேரின் கால்நகத்தில் 48 வாரம் தடவிப் பார்த்தனர். ஐவர்க்கு முழுதாகக் குணம், பதின்மர்க்கு ஓரளவு, மூவர்க்கு மாற்றமே இல்லை. சிறிய ஆய்வுதான் எனினும், வீட்டு வைத்தியத்தை முற்றிலும் தள்ளவும் முடியாது, முழுதும் நம்பவும் முடியாது என்பதை இவை உணர்த்துகின்றன.

நகத்தை உள்ளிருந்து மாற்றிய மருந்து கிரிசியோஃபல்வின். ஒருவகைப் பெனிசிலியப் பூஞ்சையிலிருந்து 1939-இல் பிரித்தெடுக்கப்பட்டது; வாய்வழி உட்கொண்டால் படை நீங்கும் என்பது 1958-இல்தான் தெரியவந்தது. 1990-களில் பரவலான டெர்பினாஃபின் மாத்திரை விரல்நகத்துக்கு ஆறு வாரம், கால்நகத்துக்குப் பன்னிரண்டு வாரம் என்று கணக்கைச் சுருக்கியது. ஆனால் தோற்றம் கெட்ட நகங்களில் ஏறக்குறைய பாதியே பூஞ்சையால் ஆனவை. மற்றவை சொரியாசிஸ் முதலிய பிற நோய்களால், அடிபடுதலால் வருவன. ஆகவே நகத்துகளைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்த பின்னரே மாத்திரை தரப்படவேண்டும். கேண்டிடாவுக்கு வேறு மாத்திரை. கல்லீரல் நலமும் கருதப்படவேண்டும்.

இவ்வளவுக்கும் விடுப்பு வேண்டுமே. விடுப்பில்லாதவர்கள் மருந்துக்கடையில் விரலை நீட்டி, கிடைத்த குழாய்க்களிம்பைப் பூசினர். அவற்றுள் பல ஸ்டீராய்டு கலந்தவை. அரிப்பு ஒரே நாளில் அடங்கும். அடங்கிய தோலில் பூஞ்சை தடையின்றிப் பரவும். இக்களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்பதைத் தடுக்க 2018 மார்ச்சில் நடுவண் அரசு விதிகளை மாற்றியது. அதற்குள் காலம் கடந்திருந்தது. டெர்பினாஃபினுக்கு எளிதில் பணியாத புதிய தோற்பூஞ்சை வகை இந்தியா முழுதும் பரவிவிட்டது. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அதற்கு டிரைக்கோஃபைட்டன் இண்டோடினியே என்று பெயர் சூட்டினர். முன்னர் சலவைத் தொழிலாளியின் பெயரைச் சுமந்த நோய் இப்போது ஒரு நாட்டின் பெயரைச் சுமக்கிறது. ஆகவே கேடு செய்தது பாட்டியின் மஞ்சளும் அன்று, மருத்துவரின் மாத்திரையும் அன்று. இரண்டுக்கும் இடையில் அவசரத்துக்கு நின்ற குறுக்குவழி.

1700-ஆம் ஆண்டில் இத்தாலியின் மோதேனா நகர மருத்துவர் பெர்னார்தீனோ ராமசீனி, தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சலவைப் பெண்களின் கைகள் காரநீரால் வெடித்துப் புண்ணாவதையும் அதில் எழுதியுள்ளார். நோயாளியிடம் மருத்துவர் கேட்கவேண்டியவை என்று முன்னோர் வகுத்த கேள்விகளோடு மேலும் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார் அவர்: நீ என்ன வேலை செய்கிறாய்? முற்பிறப்பையோ சாதியையோ அக்கேள்வி நாடவில்லை. கைக்கு நேர்ந்ததைக் கையின் வேலையில் தேடியது.

மாணவியின் அம்மாவிடம் தோல் மருத்துவர் முதலில் கேட்டதும் அதே கேள்விதானாம். நகத்தைச் சுரண்டிச் சோதித்து, கேண்டிடா என்று கூறி மாத்திரை எழுதினார். மருதாணியை நிறுத்தவேண்டியதில்லை, ஆனால் நகத்தின் நிறம் தெரிந்தால்தான் குணமாவது தெரியும் என்றார். எல்லாவற்றையும்விடக் கை உலரவேண்டும், முடிந்தால் வேறு வேலை மாற்றிக் கேளுங்கள் என்றும் சொல்லியனுப்பினார். மகள் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து நான்கு இணை உள்கையுறை தைத்தாள். ரப்பர் கையுறைக்குள் அதை அணிந்துகொண்டு, நனைந்ததும் மாற்றிக்கொண்டார் அம்மா. இரவில் துடைத்து உலர்த்திய விரல்களில் தேங்காயெண்ணெய் மட்டும் தடவினார். நடவுக்காலத்தில் அடுப்பங்கரையில் கால் காய்ச்சிய பழக்கம் அவருக்கு மறந்துவிடவில்லை.

இடையில் துணிந்து மேற்பார்வையாளரிடம் கையைக் காட்டி, பாத்திரத் தொட்டியை விட்டுக் காய்கறி நறுக்கும் இடத்துக்கு மாற்றிக் கேட்டாராம். நோய்க்கை காய்கறியைத் தொடக்கூடாது என்று மறுத்துவிட்டனர். வேலையை விட்டு நிறுத்தவில்லை என்பதே ஆறுதல். ஏழு மாதம் கழித்து நகங்கள் மூன்றும் அடியிலிருந்து நுனிவரை வெளுப்பாக வளர்ந்துவிட்டன. மறுபடியும் போய்க் கேட்டார். கைதான் நன்றாகிவிட்டதே, இனித் தொட்டியிலேயே இருக்கலாமே என்றனராம்.

சென்ற வாரம் மாணவி வந்து இதைச் சொன்னாள். சித்தர் பாட்டில் மருந்து உண்டா என்று அவள் மறுபடி கேட்கவில்லை. இன்னும் நான்கு இணை கையுறை தைக்கப் பருத்தித்துணி வேண்டும் என்றாள். நம் வீட்டிலிருந்த பழைய வேட்டி ஒன்றை எடுத்துக் கொடுத்தோம்.